இன்னொரு விசும்பல்

திரையில் அந்தச் சிறுமி வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணியின் கண்ணில் பொட்டு ஈரமில்லை.

“எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்குது மேடம். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?” என்று கேட்டாள் சவுண்ட் எஞ்சினியர்.

“அழ வேண்டியதையெல்லாம் அங்கேயே அழுது தீர்த்தாச்சேம்மா” என்று திரையைக் காட்டினார் அவர்.

அந்தச் சிறுமி அவர்தான். படத்தை இயக்கியவர் அவருடைய அப்பா. இந்தி சினிமாவில் ஒரு காலத்தில் அவர் பெயரைப் போட்டாலே கொட்டகை நிறையும்.

அப்பாவின் நூற்றாண்டுக்காகப் படத்தைப் புதுப்பித்து வெளியிடுகிறார்கள். ஒலியில் இருந்த கீறல், இரைச்சல் எல்லாம் போயாயிற்று. ஒன்றுதான் பாக்கி.

எஞ்சினியர் ஹெட்போனை நீட்டினாள். “உங்க அழுகைக்கு அடியில இன்னொரு விசும்பல் கேக்குது பாருங்க. ஆம்பளைக் குரல். கேமராவுக்குப் பின்னாடி நின்ன யாரோ. உங்க அண்ணன் எடுத்துடச் சொல்றார். நீங்களும் சரின்னா எடுத்துடறேன்.”

கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும்.

“அப்பாதான். அது அப்படியே இருக்கட்டும். அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“அவரா! கல்நெஞ்சுக்காரர்னுல்ல சொல்வாங்க? ஒரே ஷாட்டை விடிய விடிய எடுத்து ஆளையே சக்கையாப் பிழிஞ்சுடுவாராமே?”

“ஆமா. ஆனா இது ஒரே டேக். ஓகேன்னார், அப்படியே பேக்கப் சொல்லிட்டார். யூனிட்டே வாயைப் பிளந்துச்சு.”

எஞ்சினியர் தயங்கினாள். பிறகு கேட்டேவிட்டாள்.

“நான் படிச்ச காலேஜ்ல இந்த சீனைப் பத்தி ஒரு கதை சொல்வாங்க மேடம். உங்களுக்கு அழுகையே வரலையாம். உங்கப்பா காதுகிட்ட குனிஞ்சு, ‘அம்மா செத்துட்டா’ன்னாராம். ஷாட் முடிஞ்சதும் தூக்கி வச்சுக்கிட்டு, ‘அழாதடா கண்ணு, அம்மா வீட்டுல காத்துக்கிட்டிருக்கா’ன்னாராம். கிளாஸே சிரிச்சுது. எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு. பெத்த பொண்ணுகிட்ட போய் அப்படி ஒரு பொய்யா?”

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். திரையில் சிறுமியின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது.

“பொய் சொன்னது வாஸ்தவம்தாம்மா. கார்ல வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அந்தப் பொய்யை நம்பிக்கிட்டு, அவர் மடியில உக்காந்து பாடிக்கிட்டே போனேன்.”

எஞ்சினியருக்குக் குழப்பம். “பாடிக்கிட்டா? அம்மா செத்துட்டாங்கன்னு நம்பிக்கிட்டா?”

“இல்லம்மா... ‘வீட்டுல காத்துக்கிட்டிருக்கா’ன்னாரே, அதுதான் பொய்.”