ஆறு நாடும் ஆறுமுகமும்

"இன்னாங்க, கையத் தூக்குங்க. அக்குள்ல புடிக்குதான்னு பாக்கணும்."

தேவராஜன் கையைத் தூக்கினார். வெளியே ஒரகடத்துச் சித்திரை வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் கம்பளி ஸ்வெட்டருக்குள் வெந்துகொண்டிருந்தார்.

"கரெக்டா கீது," என்றாள் அலமு. "சுவிஸ்ல பனிமலை மேல கூட்டினு போவாங்களாம். அங்க போயி நடுங்கினு நிக்கக் கூடாது பாருங்க."

நடுங்குவதற்கு அவருக்குப் பனிமலை எதற்கு? போன மாதத்திலிருந்தே நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

எல்லாம் அந்தப் பரிசால் வந்த வினை. கார் கம்பெனியில் அவர் அசெம்பிளி லைன் சூப்பர்வைசர். நட்டு முடுக்கும் துப்பாக்கி அடிக்கடி கை நழுவிக் காலில் விழுகிறதே என்று, அதைப் பழைய சைக்கிள் டியூபில் கட்டித் தொங்கவிட்டார். அவ்வளவுதான் செய்தார். இப்படிச் சின்னச் சின்னதாகச் சீர்திருத்துவதற்கு ஜப்பானில் 'கைசன்' என்று பெயர் என்றார் மேனேஜர். இந்த வருடத்தின் சிறந்த யோசனை என்றார். ஆண்டு விழா மேடையில் மாலை போட்டு, மே மாதம் கம்பெனியை மூடும் ஷட்டவுன் லீவில் மனைவியோடு ஐரோப்பாவில் ஆறு நாடு சுற்றுலா என்று அறிவித்தும் விட்டார்கள். தேவராஜன் மேடையிலேயே அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

விமானம் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். பாதி ஆயுளை லைனில் கழித்தவர். ஷிப்ட் முடிகிற நேரத்தில், கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிக்கிற அவசரத்தில், போல்ட்டை எப்படி முடுக்குவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? விமானத்தையும் எங்கோ ஒரு தேவராஜன்தானே முடுக்கியிருப்பான்!

கேன்டீனில் நண்பர் கோமதிநாயகத்திடம் மட்டும் மனதைத் திறந்தார்.

"பயமா இருக்குன்னு வீட்டுல சொல்லிர வேண்டியதுதான அண்ணாச்சி?" என்றார் அந்தத் திருநெல்வேலிக்காரர்.

"எப்டிபா சொல்றது? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மகாபலிபுரத்தத் தாண்டி அவள எங்கியும் கூட்டினு போனதில்ல. இப்ப தெரு பூரா சொல்லி வச்சிருக்கா. வாசல்ல ஈபிள் டவர் கோலம் போடுறாபா!"

"அப்ப விசா கிடைக்கப்படாதுன்னு சாமிய வேண்டிக்கிடும். வெள்ளக்காரன் இல்லைன்னுட்டா உம்ம மேல பழி வராதுல்லா?"

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வராமல், வல்லக்கோட்டைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டே வந்தார். 'முருகா, அந்த விசாவை மட்டும் நிறுத்திடு. மொட்டை போட்டுக்கறேன்' என்று கெஞ்சினார். அவர் தலையில் மொட்டை போட அதிகம் மிச்சமில்லை என்பது முருகனுக்கும் தெரிந்திருக்கும்.

அங்கே ஒருநாள் அலமுவையும் பார்த்துவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு துடிக்க, அப்படி உருகிக்கொண்டிருந்தாள். தேவராஜன் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஒரே சாமியிடம் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர் மனு போட்டால் அவர்தான் என்ன செய்வார்?

"ஏங்க," ஸ்வெட்டரை அவர் தலைவழியாக உருவியபடி அலமு கேட்டாள், "ஒருவேளை விசா வரலன்னா... மனசு ஒடிஞ்சிடுவீங்களா?"

"நானா? சேச்சே! ஏன் கேக்குற?"

"மேடையில சந்தோஷத்துல அப்டி அழுதவராச்சே, அதான் கேட்டேன்."

கம்பளிக்குள் மாட்டியிருந்த அவர் முகம் நல்லவேளையாக வெளியே தெரியவில்லை.

வாசலில் பைக் வந்து நின்றது. "கூரியர்!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள். உறை வந்தது. "நீங்களே பிரிங்க" என்றாள். "நீயே பிரி, உன் கை ராசி" என்றார். உறை நாலு தடவை கைமாறி, கடைசியில் அவரிடமே வந்து நின்றது. வியர்த்த விரலால் இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டினார்.

பளபளவென்று விசா. அவருக்கும் உண்டு. அவளுக்கும் உண்டு.

அலமு ஸ்வெட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். பாவம், சந்தோஷம் தாங்கவில்லை. இவள் நல்ல மனசுக்கு எதிராகவா வேண்டினோம் என்று தேவராஜன் அவள் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அலமு, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும், திட்டாத. எனக்கு ஏரோப்ளேன்னாலே பயம். விசா வரக் கூடாதுன்னு வல்லக்கோட்ட முருகனாண்ட தெனமும் வேண்டிக்கினு இருந்தேன்."

அவள் அழுகை நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மயில் மேல ஏறி ஒலகத்தயே சுத்தின சாமியாண்ட போயா, ஊரு சுத்த வேணாம்னு வேண்டினீங்க?"

"தப்புதான். நீ அங்க ஆசை ஆசையா வேண்டிக்கினு நின்னதையும் பாத்தேன். அதான் மனசு கேக்கல..."

"நான் இன்னாத்த வேண்டினேன்னு நெனச்சீங்க?" என்றாள் அலமு. "நீங்க ஆசப்படுறீங்களேன்னுதான் கோலமெல்லாம் போட்டேன். உக்காந்த எடத்துலயே பழத்த வாங்கின புள்ளையாரு நம்ம தெருமொனையிலயே கீறாரு. அவரத் தாண்டித் தாண்டிப் போயி, நானும் இதே தப்பத்தாங்க பண்ணினு இருந்தேன்!"