நாலு விரல் மெத்தை

தையல்காரி உம்மு பஞ்சை அமுக்கிவிட்டாள். ஸாலிஹாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

புதன்கிழமை கொடுத்தனுப்பியது ஒரு பை நிறைய இலவம் பஞ்சு. சனிக்கிழமை காலையில் அவள் கொண்டுவந்து நீட்டியதோ, கைத்தறிச் சீலையை இரண்டாக மடித்துத் தைத்த ஒரு விரிப்பு. ஊதினால் பறக்கும்.

அன்றைக்குப் பார்த்து வீடே அமளிதுமளிப்பட்டது. ஸாலிஹாவின் புருசன் றவூப் கல்முனையில் புடைவைக் கடை வைத்திருப்பவர். கார் வாங்கி ஒரு கிழமைதான் ஆகிறது. பழைய ஒஸ்டின். அதில் முதல் பயணமே அக்கரைப்பற்றுக்கு, றவூபின் தங்கச்சி ஹப்ஸாவின் கலியாணத்துக்கு. அயலட்டைப் பெண்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

காரைவிடப் பெரிய புதினம் அதற்குள் மாட்டுகிற பிள்ளைச் சீட்டு. கொழும்பிலிருந்து எடுப்பித்தது. இரண்டு கொக்கிகளை முன் சீட்டின் சாய்மானத்தில் மாட்டி, இடுப்பில் தோல் வாரைப் பூட்டிவிட்டால் போதும். எட்டு மாதப் பிள்ளை பளீல் பெரிய மனுசன் மாதிரி றோட்டைப் பார்த்துக்கொண்டு வரலாம்.

ஆனால் சீட்டு வெறும் கன்வஸ் துணி. தொட்டுப் பார்த்தால் பலகை மாதிரி இருந்தது. நாலு விரல் உயரத்துக்கு மெத்தை வேண்டும் என்றுதான் சீட்டையும் பஞ்சையும் மருதமுனைக்கு, உம்முவிடம் அனுப்பியிருந்தாள் ஸாலிஹா.

“பஞ்சு எங்க உம்மு?”

உம்மு கூடிநின்ற பெண்களை ஒரு தரம் பார்த்தாள்.

“புள்ளைக்கு இவ்வளவு காணும் ராத்தா. நீங்க போய் வந்ததும் கதைப்பம்.”

இலவம் பஞ்சு இப்போது லேசில் கிடைக்கிற சாமானா என்று பின்னால் ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி சிரித்தாள்.

ஸாலிஹா விறுவிறென்று உள்ளே போய்ப் பிள்ளையின் தலையணையை எடுத்துவந்து, காரில் மாட்டியிருந்த பிள்ளைச் சீட்டில் அமுக்கி, அதன்மேல் பளீலை இருத்தினாள். உம்மு பிள்ளையைத் தூக்கினாள். தலையணையை உருவி ஸாலிஹாவின் கையில் கொடுத்தாள். விரிப்பைப் போட்டுப் பிள்ளையை இருத்தி, வாரை இழுத்துப் பூட்டினாள்.

“கீழ ஒண்டும் வெச்சிராதீங்க ராத்தா.”

இத்தனை பேருக்கு முன்னால் இவள் யார் தனக்குச் சொல்ல என்று ஸாலிஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அந்தப் பஞ்ச நீயே வெச்சிக்க. எனக்குத் தேவையில்ல.”

உம்மு முகம் செத்துப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காருக்கு முன்னால் நின்று கம்பி போட்டுச் சுற்றிக்கொண்டிருந்த றவூப் இயந்திரத்தை உயிர்ப்பித்துவிட்டார். சின்னஞ்சிறுசுகள் கூக்குரலிட்டன. கார் புறப்பட்டது.

அது பயணமா, பெருநாளா? சாய்ந்தமருதில் சந்திக்குச் சந்தி றவூப் ஹோர்ன் அடித்தார். வலை தூக்கிவந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பளீல் சீட்டிலிருந்து கையைத் தட்டித் தட்டிக் கத்தினான். ஸாலிஹாவுக்கும் வாயெல்லாம் பல்லாக இருந்தது. பஞ்சின் நினைவு மட்டும் இடைக்கிடை வந்து குத்தியது.

காரைதீவு தாண்டி வயல்வெளி வந்ததும் றவூப் வேகத்தைக் கூட்டினார். அப்போதுதான் வாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு எருமைக்கன்று பாய்ந்து றோட்டில் ஏறியது.

பிறேக். கார் கிறீச்சிட்டுக் குறுக்கே திரும்பி நின்றது. ஸாலிஹாவின் தோள் முன்னால் போய் மோதியது. வலி தெரியவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தாள்.

பளீல் வாருக்கு மேலால் முன்னே வளைந்து போய், அப்படியே பின்னுக்கு வந்தான். ஒரு கணம் விழித்தான். பிறகு, இன்னொரு தரம் செய்யுங்கள் என்பது போலக் கெக்கலித்துச் சிரித்தான்.

றவூப் வார் பிள்ளையின் இடுப்பில் இறுகிக் கிடப்பதைத் தடவிப் பார்த்தார். பிறகு நாலு விரலைச் சேர்த்துச் சீட்டின் மேல் வைத்து அளந்தார்.

“இந்த உசரத்துக்கு மெத்தை இருந்திருந்தா வார் தொடையிலதான் நிண்டிருக்கும். பஞ்சு அமுங்க அமுங்க அதுவும் தொளதொளத்திருக்கும். புள்ள கண்ணாடியில போய் அடிபட்டிருப்பான்.”

ஸாலிஹா பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கலியாணப் பலகாரப் பெட்டிகள் என்ன ஆயினவோ என்று றவூப் டிக்கியைத் திறந்தார். பெட்டிகளுக்கு நடுவே வாய் கட்டியபடி ஒரு பை. பிதுங்கிய மூலையில் பஞ்சு தெரிந்தது.

“இது எப்படி இங்க?” ஸாலிஹா கேட்டாள்.

“விடியவே உம்மு உன்னட்டக் குடுக்கச் சொல்லி என்னட்டத் தந்தது. காருக்குத் தண்ணி ஊத்துற அவதியில உன்னட்டச் சொல்ல மறந்திட்டன்.”

ஸாலிஹா டிக்கியை ஒரு கையால் இழுத்து மூடினாள்.

“காரத் திருப்புங்க.”

அக்கரைப்பற்றில் எல்லாரும் காத்துக்கொண்டிருப்பார்கள் என்றார் றவூப். காத்திருக்கட்டும் என்றாள்.

மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். உம்மு தையலை விட்டுவிட்டு, தோளில் சாய்ந்து கிடந்த தன் பெண்பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். அவளும் பளீலின் வயதுதான். ஸாலிஹா உம்முவின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

“விசயத்த என்னட்டச் சொல்லியிருக்கலாமே உம்மு.”

“நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டு நிக்கிறீங்க. அந்த நேரத்துல அதை எப்படி ராத்தா வாயால சொல்லுறது?”

உம்மு தோளில் கிடந்த பிள்ளையின் முகத்தை மெல்லத் திருப்பினாள். நெற்றியில் தேசிக்காய் அளவு வீக்கம். அதன்மேல் மஞ்சள் பற்று.

“மெத்தையத் தைச்சி முடிச்சி, சீட்ட வாங்குப் பலகையில மாட்டி, சரியா இருக்கா எண்டு பாக்க நம்மட கமீலாவத்தான் இருத்தினன் ராத்தா.”