கூட்டம்

தன் ஓட்டலில் பதினோரு பேரையும் சன்னலோரமாக உட்கார வைத்தாள்.

சாலையில் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது அந்த மூன்று மேசைகள்தான். இருப்பதும் அந்த மூன்றுதான். மீதி நான்கையும் ஆடியிலேயே விற்றாகிவிட்டது.

பன்னிரண்டாவது நாற்காலியில் பெரியம்மாவின் கைப்பை உட்கார்ந்திருந்தது.

ஆற்றுப்பாலத்தில் விரிசல் விழுந்து பத்து மாதம். வண்டிகளெல்லாம் வேறு வழியாகப் போயின. பரிமாறிய இரண்டு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். மாஸ்டர் காளியப்பன் மட்டும் தினமும் வந்து, தோசைக்கல்லைத் துடைத்துவிட்டு, பேப்பர் படித்துவிட்டுப் போனார்.

இன்று ஜனவரி ஒன்று. காலை ஆறு மணிக்குப் பாலத்துத் தடுப்பை எடுத்துவிட்டார்கள்.

ஆளில்லாத ஓட்டலைக் கண்டால் வண்டிக்காரர்கள் நிறுத்துவதில்லை. அது அவள் கண்கூடாகக் கண்டது. அதனால்தான் சொந்தக்காரர்களை வரச் சொன்னாள். வந்து, உட்கார்ந்து, சாப்பிட வேண்டும். நிஜமான ஆள் உள்ளே நுழைந்ததும் கை கழுவ எழுந்துவிட வேண்டும். அவள் இருமுவாள். அதுதான் அடையாளம்.

“அதெல்லாம் நாங்க பாத்துக்கறம் அம்மிணி,” என்று சென்னியப்பன் பெரியப்பா போனில் சொல்லியிருந்தார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது நாலாவது தோசை.

ஏழே முக்காலுக்கு முதல் கார் நின்றது.

அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அவள் இருமினாள்.

ஒருவரும் திரும்பவில்லை.

இன்னும் பலமாக இருமினாள்.

“சுக்குத்தண்ணி வெச்சுக் குடி,” என்றார் பெரியப்பா. “அப்படியே ஒரு ஊத்தப்பம் போடச் சொல்லு.”

தான் எவ்வளவு சாப்பிடுகிறாரோ அவ்வளவும் அவளுக்குச் செய்கிற உதவி என்று அவர் முழுமனதாக நம்பினார்.

வாசலில் ஆள் நிற்பதைப் பார்த்து இன்னொரு கார் நின்றது. இரண்டு கார் நிற்பதைப் பார்த்து ஒரு வேன் நின்றது. எல்லாருமாகச் சேர்த்து பதினான்கு பேர். ஒரு குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. முதல் காரில் வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.



சாப்பிடுகிற பெரியப்பாவை எந்த வாயால் எழுந்திருக்கச் சொல்வது? அவள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர். ஒரு காதுகுத்துப் பந்தியில் இரண்டாவது அப்பளம் வரவில்லை என்று ஆறு வருடம் பேசாமல் இருந்தவரும் அவரேதான்.

மேசைக்குப் போனாள். குனிந்தாள். பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

“சார், பில் போட்டறலாங்களா?”

ஊத்தப்பத் துண்டு பாதி வழியில் நின்றது.

பெரியப்பா அவளைப் பார்த்தார். பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

“ஆரு அம்மிணி இங்க சார்?”



அவர் எழுந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். பத்து நாற்காலிகள் ஒரே சத்தமாகப் பின்னால் நகர்ந்தன. பெரியம்மா கடைசி வாய்க் காப்பியை நின்றுகொண்டே குடித்தாள். கையைக் கழுவிவிட்டு நேராக வெளியே போன பெரியப்பா, புளியமரத்தடியில் ஓட்டலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

இன்னொரு ஆறு வருடம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நினைக்கவும் நேரமில்லை. நாற்காலிகள் ஒரு நிமிடத்தில் நிறைந்துவிட்டன. இரண்டு குழந்தைகள் மடியில். ஒருவருக்கு நெய் ரோஸ்ட். ஒருவருக்கு வெங்காயம் ஆகாது. ஒருவருக்கு முதலில் வெந்நீர். காளியப்பன் பத்து மாதத்துக்கும் சேர்த்து வார்ப்பதுபோல மாவை ஊற்றினார்.

வார்க்க ஆள் இருந்தது. பரிமாற இரண்டு கைதான் இருந்தது, அதுவும் அவளுடையது.

சாம்பார் வாளியை எடுக்கத் திரும்பினாள்.

வாளி இல்லை.

மூன்றாவது மேசையில் பெரியம்மா நின்றிருந்தாள். அரக்குப் பட்டுச் சேலையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா? பாப்பா காரந் தாங்குமுங்களா?”

கை கழுவப் போனவர்கள் அடுப்படி வழியாகவே திரும்பி வந்திருந்தார்கள். ஒருத்தி இலை போட்டாள். ஒருவன் தண்ணீர் வைத்தான்.  

வெளியே அவர் மட்டும்.

நாலாவதாக ஒரு கார் மெல்ல வந்து புளியமரத்தடியில் நின்றது. கண்ணாடி இறங்கியது. அவள் சட்னிக் கரண்டியோடு சன்னல் பக்கம் போனாள்.

“ஐயா, இங்க டிபன் எப்படிங்க?”

பெரியப்பா ஓட்டல் கதவைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். பல்லிடுக்கில் நாக்கை ஓட்டிப் பார்த்துக்கொண்டார்.

“தோசை நல்லாத்தானுங்க இருக்கும்,” என்றார். “ஆனா நிம்மதியா உக்காந்து திங்க விடமாட்டாங்க. அத்தனை கூட்டம்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. மனம் நொந்துதான் சொன்னார்.

வண்டிக்காரர் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் சரியென்று தலையாட்டினாள். ஒதுக்கி நிறுத்தக் கார் பின்னால் நகர ஆரம்பித்தது. பின்னால் சாக்கடைப் பள்ளம்.

பெரியப்பா கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். காரின் பின்பக்கம் நடந்து போய், அதை உயரத் தூக்கி ஆட்டினார்.

“வாங்க,” என்றார். “வாங்க... வாங்க... இன்னும் வரலாமுங்க.”