ஆமையின் மறு கண்

கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய், கரை ஒதுங்கிய ஆமையின் மூக்கையும் கண்களையும் தாராய் அடைத்திருந்தது. மீனவன் வியாகுலம் அதன்மேல் வாளி வாளியாகக் கடல்நீரை ஊற்றினான். நீர் முத்துமுத்தாக உருண்டோடியது, தார் அசையவில்லை. அவன் மனைவி செல்சியா தேங்காயெண்ணெய்க் குப்பியோடு ஓடிவந்தாள்.

“ஏட்டி, எண்ணெ அப்பித்தான் மூச்சு முட்டிக் கெடக்கு. அது மேலயும் எண்ணெயா?”

“தண்ணிய இந்தத் தாரு அண்டவிடாது. எண்ணெயக் கண்டா சொந்தம்னு கூடவே வந்துரும்.”

அவள் தேய்க்கத் தேய்க்கத் தார் இளகி வழிந்தது. மூக்கு திறந்தது, ஆமை விட்ட மூச்சில் மணல் பறந்தது. ஒரு கண் தெரிந்தது. மறு கண்ணுக்கு வருமுன் குப்பி காலியானது. செல்சியா கொண்டையை அவிழ்த்தாள். காலையில் எண்ணெய் தேய்த்த கூந்தல். மண்டியிட்டு, அதன் நுனியால் அந்த இமையைத் துடைத்தாள். கூந்தலில் தார் ஏற ஏற, கண் திறந்தது.

வியாகுலம் வாளியைக் கீழே வைத்தான். கோயிலுக்குள் நுழைகிறவனைப் போலத் தலைத்துண்டை அவிழ்த்தான்.