முதலில் நீங்கள்

எண்ணூர்க் கழியில் மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு படகு மட்டுமே நுழையும் வழி. நீர் வடிவதற்குள் கரை சேர்ந்தால்தான் ராயபுரத்துக்குக் கடைசி ரயில். வரதனும் அம்முவும் வந்த படகு அந்த வழியை நெருங்கிய நேரம் பார்த்து இன்னொரு உல்லாசப் படகும் வந்து நின்றது.

“மொதல்ல நீங்க போங்கண்ணே,” என்று துடுப்பை நிறுத்தினான் வரதன்.

“சேச்சே, குடும்பத்தோட வந்திருக்கீய. நீங்க போங்க தம்பி,” என்றார் அந்தப் படகிலிருந்த மாசானம்.

இப்படியே நெடுநேரம். வீட்டில் முதல் தோசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத புருஷனா இது என்று பூரித்துப்போனாள் அம்மு.

நீர் வடிந்தது. இரண்டு படகுகளும் சேற்றில் உட்கார்ந்தன. தூரத்தில் ரயில் புகைவிட்டுக்கொண்டு போனது.

“எங்க ஆழம், எங்க மேடுன்னு எனக்குத் தெரியாது தம்பி. உங்க பின்னாலயே வந்துரலாம்னு பாத்தேன்,” என்று அசடு வழிந்தார் மாசானம்.

அம்மு திரும்பினாள். வரதன் முகத்திலும் அதே அசடு.

“யாராச்சும் எறங்கித் தள்ளுங்க!” என்றாள்.

“மொதல்ல நீங்க எறங்குங்கண்ணே,” என்றான் வரதன்.