சுபத்ராவின் மரம்

தாமோதரன் மாஷ் தான் கண்டுபிடித்த மலைமரத்துக்கு, இறந்துபோன மனைவி சுபத்ராவின் பெயரை வைத்திருந்தார். திருவனந்தபுரம் தாவரவியல் கூடத்தில் அவருடன் வேலை பார்க்கும் ஜின்ஸிக்கு, சரிபார்க்க வந்த தாள்கட்டுக்குள் காய்ந்த கிளை ஒட்டிய பழைய தாள் ஒன்று கிடைத்தது. அதே இலை, அதே பூ. எழுபது வருடங்களுக்கு முன்பே வேறொருவர் அந்த மரத்துக்குப் பெயரிட்டு வெளியிட்டிருந்தார். தாவரவியல் விதிப்படி முந்திய பெயர்தான் செல்லும்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் கர்த்தரை வேண்டிக்கொண்டு தாளை அவர்முன் வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க மாஷே. சேச்சி பேரை எடுக்கணும்."

"எடுத்துடு மோளே."

"நீங்க தாளைப் பார்க்கவே இல்லையே."

"போன மழையிலேயே பார்த்துட்டேன். என் கையால அவ பேரை அடிக்க முடியலை. அதான் உன் கட்டுல வச்சேன்."