விளங்கினதோ?

மாங்குளத்து அருளப்பு மாஸ்டருக்கு ஆங்கிலப் பிழை காதில் விழுந்தால் வாய் சும்மா இராது. திருத்திவிட்டு, "விளங்கினதோ?" என்பார். வகுப்பில் பேரின்பம் என்ற பொடியன்தான், கால் பெருவிரலால் நிலத்தைக் கீறிக்கொண்டு, விளங்காமலே முதல் ஆளாகத் தலையாட்டுவான்.

எண்பத்தைந்தில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பு. ஆள்காட்டுவதற்காகத் தலையில் சாக்குப் போட்டு நிறுத்திய ஒருவன் முன்னால் ஊர் ஆண்கள் வரிசையாகப் போனார்கள். அவன் தலையாட்டினால் ஆளை ட்றக்கில் ஏற்றுவார்கள். காலையிலிருந்து அவன் ஒருவருக்கும் ஆட்டவில்லை.

"மாஸ்டர், இண்டைக்காவது வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ," என்றான் பின்னால் நின்ற கிறகோரி.

"ஓமடாப்பா."

மாஸ்டரின் முறை வந்தது. சாக்கு அசையவில்லை. அதிகாரிக்குப் பொறுமை போயிற்று. உண்மை சொல்லப் பயப்படுகிறாய் என்று சாக்குக்காரனை ஆங்கிலத்தில் அதட்டினான்: "யூ ஆர் அஃப்ரெய்ட் டெல் ட்ரூத்!"

"அஃப்ரெய்ட் டு டெல் த ட்ரூத்," என்றார் மாஸ்டர். அதோடு விட்டாரா? சாக்கைப் பார்த்து, "விளங்கினதோ?" என்றும் கேட்டார்.

சாக்கு தலையாட்டியது.

இரண்டு பேர் மாஸ்டரைப் பிடித்தார்கள். குனிந்தவர் கண்ணில், நிலத்தைக் கீறிக்கொண்டிருந்த சாக்குக்காரனின் கால் பெருவிரல் பட்டது.

"ஆர் மாஸ்டர் அவன்?" கிறகோரி கிசுகிசுத்தான்.

"தெரியாது தம்பி. ஆனா, விளங்காமத்தான் தலையாட்டினவன்," என்றபடி மாஸ்டர் ட்றக்கில் ஏறினார்.